மதியச் சாதத்தை இரவில் சுடவைத்தால் எது சாகும், எது சாகாது?

கேள்வி இதுதான்: "மதியம் பன்னிரண்டு மணிக்கு வடித்த சாதம் இரவு ஒன்பது வரை அடுப்பு மேடையிலேயே மூடியிருந்தது. ஊசவில்லை, வாடையும் இல்லை. முட்டை உடைத்து ஊற்றி, நல்ல சூட்டில் வறுத்துத்தான் சாப்பிட்டோம். பத்தரை மணிக்கெல்லாம் இரண்டு பேருக்கு வாந்தி. அவ்வளவு சூட்டில் கிருமி செத்திருக்குமே? முட்டைதான் கெட்டுப்போயிருந்ததா?"

முட்டையைச் சந்தேகிக்க வேண்டாம். முட்டையிலிருந்து வரக்கூடிய சால்மோனெல்லா என்ற கிருமி, வயிற்றுக்குள் உயிரோடு போய், குடலில் பெருகிய பிறகே தன் வேலையைக் காட்டும். அதற்குக் குறைந்தது ஆறு மணி நேரமாகும். பெரும்பாலும் அரை நாளுக்கு மேல். ஒன்றரை மணி நேரத்தில் வாந்தி என்றால் நச்சு தட்டிலேயே தயாராக இருந்திருக்கிறது. ஒன்பது மணி நேரம் வெளியில் கிடந்த சாதத்தில் அப்படித் தயாராக இருக்க முதல் வாய்ப்பு பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விட்டுச்சென்ற நச்சுக்குத்தான். அடுத்த சந்தேகம் கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டாஃபிலோகாக்கஸ். மீந்த சாதத்தைச் சோதித்தால்தான் எது என்று அடித்துச் சொல்ல முடியும். ஆனால் இரண்டில் எதுவானாலும் உங்கள் கேள்விக்குப் பதில் ஒன்றே: வறுத்த சூட்டில் கிருமி செத்திருக்கும், நச்சு அப்படியே இருந்திருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பேசில்லஸ் சீரியஸ் மண்ணில் வாழ்வது. வயலிலிருந்து நெல்லோடு ஒட்டிக்கொண்டு ஆலைக்கும், அரிசியோடு வீட்டுக்கும் வந்துவிடுகிறது. களைந்து கழுவினால் குறையும், முழுதாகப் போகாது. உலை கொதிக்கும்போது உயிருள்ள பாக்டீரியா எல்லாம் செத்துவிடும். ஆனால் இந்த வகை, நிலைமை மோசமானால் தடித்த ஓடு போட்டுக்கொண்டு வித்தாக ஒடுங்கிவிடும். வித்துகளில் ஒரு பங்கு 100 டிகிரி கொதியைத் தாங்கும். அதோடு, அந்தச் சூடே அவற்றைத் துயில் எழுப்பவும் செய்கிறது. போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகள் செத்துவிட்டன, ஈரமும் மாவுச்சத்தும் வேண்டிய மட்டும் இருக்கின்றன, புளிப்பு இல்லை. சாதம் ஆறிக்கொண்டே வந்து 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வித்துகள் முளைக்கத் தொடங்கும். நம் ஊர் மதியச் சமையலறை இருக்கும் 30, 35 டிகிரிதான் அவற்றுக்கு மிகவும் பிடித்த சூடு.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிராம் சாதத்தில் 100 வித்துகள் தப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். முளைத்து நிலைகொள்ள ஓரிரு மணி நேரம். பிறகு அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்தால், ஐந்து மணி நேரத்தில் பத்து இரட்டிப்பு, அதாவது ஆயிரம் மடங்கு. 100 என்பது ஒரு லட்சம் ஆகிவிடும். நோய் உண்டாக்கிய உணவுகளில் வழக்கமாகக் காணப்படும் எண்ணிக்கை கிராமுக்கு ஒரு லட்சமும் அதற்கு மேலும். பன்னிரண்டு மணிச் சோறு மாலை ஆறு, ஏழு மணிக்கே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். உங்கள் சாதத்துக்கு அதற்கு மேலும் இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கிறது.

இப்படிப் பெருகும்போது சில வகைகள் செரியுலைடு என்ற நச்சைச் சோற்றில் விடுகின்றன. வளையமாகப் பிணைந்த சிறு மூலக்கூறு அது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் செயலிழக்காமல் இருந்ததை ஆய்வகங்கள் பதிவு செய்திருக்கின்றன. இரைப்பை அமிலமும் செரிமான நொதிகளும் அதை உடைப்பதில்லை. வாணலியில் ஐந்து நிமிடம் புரட்டுவதெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே அடங்கிவிடும். அரிதாகக் கல்லீரலைத் தாக்கும். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 2008-இல் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் அறையிலேயே வெளியில் இருந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டு அன்றிரவே இறந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இது மிக அரிதான எல்லை. அன்றாடம் நடப்பது இரவெல்லாம் வாந்தி, மறுநாள் சோர்வு, அவ்வளவுதான். ஆனால் குழந்தைக்கு இரவெல்லாம் வாந்தி என்பது சின்ன விஷயமில்லை.

"ஊசவில்லையே" என்பதற்கு வருகிறேன். ஊசல் வாடை, நூல் விடுவது, பிசுபிசுப்பு எல்லாம் உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களின் வேலை. நோய் தரும் கிருமிகள் அந்த அடையாளம் எதையும் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊசிய சோற்றைத் தூக்கிப் போடுங்கள், சந்தேகமே வேண்டாம். ஊசாத சோறு நல்ல சோறு என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். மூக்கை விடக் கடிகாரம் இங்கே நல்ல சாட்சி.

வறுத்த சாதத்தால் வரும் இந்த நோய் முதலில் பெரிதாகப் பேசப்பட்டது 1970-களின் இங்கிலாந்தில். சீன உணவகங்களில் முந்தைய நாளே அரிசியை மொத்தமாக வேகவைத்து, இரவெல்லாம் வெளியில் ஆறவிட்டு, மறுநாள் கேட்கக் கேட்க வறுத்துக் கொடுத்தார்கள். குளிர்பெட்டியில் வைத்தால் சோறு கட்டி தட்டி, வறுக்கும்போது உதிராது என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் ஊர் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் ஃப்ரைட் ரைஸுக்காக மதியமே வடித்துத் தட்டில் கொட்டி வைத்திருக்கும் சாதமும் அதே நிலைதான். வாணலியின் தீ எவ்வளவு உயரம் எழும்பினாலும் பிற்பகலில் நடந்ததை அது மாற்றாது.

ஆகவே சாதத்துக்கு வழி என்ன? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் அது இருக்கும் மொத்த நேரத்தைக் குறைப்பது. 60-க்கு மேலே வைத்திருந்தால் வித்து முளைக்காது, 5-க்குக் கீழே வைத்தால் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். இடையில் இரண்டு மணி நேரம் வரை கவலையில்லை. நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் சாப்பிட வேண்டாம். நடுவே உள்ள நேரத்தில் அப்போதே சாப்பிட்டு முடிக்கலாம், எடுத்து வைக்கக் கூடாது.

இரவுக்கும் சேர்த்து வடிக்கும் வீட்டில் செய்ய வேண்டியது: இரவுப் பங்கை மதியமே பிரித்துவிடுங்கள். அகலமான தாம்பாளத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். சோற்றின் கனம் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். குண்டானோடு வைத்த சோறு மேலே கை வைத்துப் பார்த்தால் ஆறியது போலிருக்கும். நடுவில் கரண்டியை விட்டுப் பாருங்கள், ஆவி வரும். தாம்பாளத்தில் பரப்பியது அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்துவிடும். அப்போது சிறு டப்பாக்களில் அள்ளி, மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். "சூடாக உள்ளே வைக்கக் கூடாது" என்று முழுக்க ஆறுவதற்காக மாலை வரை காத்திருப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. இளஞ்சூட்டோடு சிறு டப்பாவை வைத்தால் குளிர்பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. பெரிய பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும். எடுத்து வைத்த சாதத்தை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள், ஒரே ஒரு முறை மட்டும் சூடாக்குங்கள்.

ஹாட்பேக் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அது சூட்டைத் தருவதில்லை, இருக்கும் சூட்டை மெதுவாக இழக்கிறது. 60-க்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். மூடி தளர்ந்த பழைய ஹாட்பேக்கில் பாதியளவு சோறு போட்டு வைத்தால், சீக்கிரமே 45, 40 என்று இறங்கி அங்கேயே மணிக்கணக்கில் நிற்கும். கிருமி வளர்க்க ஆய்வகத்தில் வைத்திருக்கும் பெட்டியின் வேலையும் அதுதான். சில நூறு ரூபாய்க்குக் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி கிடைக்கிறது. ஒரு நாள் உங்கள் ஹாட்பேக்கை மணிக்கு ஒரு முறை சோதித்தால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். மின்சாரக் குக்கரின் 'வார்ம்' நிலை 60-க்கு மேல் நிற்கிறதா என்றும் அதையே வைத்துப் பாருங்கள். பிரஷர் குக்கரில் 100-ஐத் தாண்டிய சூட்டில் வித்துகள் நன்றாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் மூடியைத் திறந்து கரண்டி போட்ட பிறகு புதிதாக ஏறுவதற்கு என்ன தடை? நேரக் கணக்கை அதற்கும் அப்படியே வையுங்கள்.

இதைப் படித்ததும் "அப்படியானால் பழைய சோறு?" என்று கேட்பீர்கள். பழைய சோறு வேறு கதை. சோற்றில் தண்ணீர் ஊற்றி மூழ்க வைத்ததும் லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியா கை ஓங்குகிறது. விடியும்போது நீராகாரம் புளிக்கிறதே, அந்தப் புளிப்புதான் காவல். பேசில்லஸ் சீரியஸ் புளிப்புக்குப் பயந்தது, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறத்தாழ 4.5-க்குக் கீழே போனால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மதியச் சோற்றை இரவு பத்து மணி வரை வெறுமனே வைத்திருந்து, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றினால், அதற்குள் சேர்ந்த நச்சைப் புளிப்பு அழிக்காது. சோறு ஆறிய உடனேயே, மதியமே, தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சோறு முழுக்க மூழ்க வேண்டும். முந்தைய நாள் நீராகாரத்திலிருந்து ஒரு கரண்டி விட்டால் புளிப்பு சீக்கிரம் பிடிக்கும். ஊற்றும் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்ததாக இருக்கட்டும், ஏனென்றால் இந்த உணவை யாரும் திரும்பச் சூடாக்குவதில்லை. காலையில் புளிப்பே ஏறாமல் சப்பென்று இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இட்லி மாவு புளித்த பிறகு ஒரு வாரம் குளிர்பெட்டியில் தாக்குப்பிடிப்பதும் அதே புளிப்பால்தான். புளியோதரை பயணத்துக்குத் தாங்குவது புளியாலும் எண்ணெயாலும் ஈரம் குறைவதாலும். எலுமிச்சைச் சாதத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாலு பேர் சாதத்துக்கு ஒரு பழத்தைப் பிழிந்தால் நாக்குக்குப் புளிக்கும். பருக்கையின் உள்ளே பாக்டீரியாவை நிறுத்தும் அளவுக்குப் புளிப்பு ஏறியிருக்காது. காலை ஏழு மணிக்குக் கட்டிய எலுமிச்சைச் சாதம் பன்னிரண்டரைக்குத் திறக்கப்படுவதே எல்லையைத் தாண்டியதுதான். பள்ளிக்குக் கட்டுவதானால் நன்றாக ஆறவைத்து, ஆவி போன பிறகு மூடுங்கள். தயிர்சாதத்தைப் பால் அதிகமாகவும் தயிர் ஒரு கரண்டியுமாகப் பிசைபவர்கள் தயிரைக் கூட்டுங்கள்.

இட்லி மாவு பாதுகாப்பானது, பக்கத்தில் வைக்கும் சட்னிதான் அப்படியில்லை. தேங்காய்ச் சட்னி சமைக்காத உணவு. பச்சைத் தேங்காய், பொட்டுக்கடலை, பச்சைமிளகாய், பச்சைத் தண்ணீர், துருவியவர் கை, மிக்ஸி ஜார் எல்லாம் சேர்ந்தது. புளிப்பு மிகக் குறைவு, ஈரம் மிக அதிகம். மேலே கொட்டும் தாளிப்பு நாலு கரண்டிச் சட்னியைச் சூடாக்கிவிடாது. ஓட்டல்களிலும் திருமணப் பந்தியிலும் விடியற்காலை அரைத்த வாளி பதினோரு மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தால், கடைசிப் பந்தியில் உட்கார்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். பழைய வாளியில் புதுச் சட்னியைக் கலப்பது இன்னும் மோசம். பழையது புதியதற்கு உறை ஊற்றியது மாதிரி.

வீட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டு அரையுங்கள். மாலைக்கு வேண்டியதைக் காலையில் அரைத்ததும் தனி டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள். மேசையில் வைத்து மீந்ததை எடுத்து வைப்பது வேறு, இது வேறு. மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்துக்குள்ளும் முந்தைய அரைப்பின் விழுது ஒட்டியிருக்கும். வளையத்தைக் கழற்றித் தேய்த்துக் காயவையுங்கள். கொஞ்சம் புளி வைத்து வதக்கி அரைத்த காரச் சட்னி சற்று அதிக நேரம் தாங்கும். பயணத்துக்கு இட்லிப் பொடி போதும்.

இனி சூடு உண்மையிலேயே உதவும் இடங்கள். கறிக்குழம்பு, பிரியாணி, பாயா மாதிரி பெரிய அண்டாவில் வைக்கும் இறைச்சியில் வருவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா. இதுவும் வித்தாக ஒடுங்கிக் கொதியைத் தாண்டும். காற்று பிடிக்காத இனம் என்பதால், கொதித்ததில் காற்று வெளியேறிய குழம்பின் அடியும் கறித்துண்டின் நடுவும் அதற்கு வாகான இடம். 43 முதல் 47 டிகிரியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கக்கூடியது, உணவுக் கிருமிகளில் மிக வேகமாகப் பெருகுபவற்றில் இதுவும் ஒன்று. மூடி போட்ட அண்டா இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கடந்துதான் மெல்ல ஆறுகிறது. இது தன் நச்சை உணவில் விடுவதை விட, உயிரோடு குடலுக்குப் போய் அங்கே விடுவதுதான் வழக்கம். ஆகவே சாப்பிடுமுன் குழம்பை அடி வரை கிளறி, தளதளவென்று கொதிக்கவிட்டால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்குவது போதாது. நடுத்துண்டு 75 டிகிரி தொட வேண்டும். மீந்த கறிக்குழம்பை இரண்டு மூன்று பாத்திரமாகப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் கிளறி ஆறவையுங்கள். கெட்டியான பிரியாணியைச் சாதம் மாதிரியே தட்டில் பரப்புங்கள். அதில் பேசில்லஸ் சீரியஸும் சேர்ந்திருக்கும் என்பதால், இரவு வெளியில் கிடந்த பிரியாணியைக் காலையில் எவ்வளவு சுடவைத்தாலும் நான் சாப்பிடச் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் மீன் குழம்பு ருசி என்பார்கள். நன்றாகப் புளி விட்டதானால் அது தாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. புளி விடாத கோழிக்குழம்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

பச்சைக் கோழியில் சால்மோனெல்லாவும் கேம்பைலோபேக்டர் என்ற இன்னொரு கிருமியும் இருக்கும் என்று எண்ணியே கையாள வேண்டும். இரண்டையும் சூடு கொன்றுவிடும்: நடுப்பகுதி 70 டிகிரியில் இரண்டு நிமிடம், அல்லது 75-ஐத் தொட்டால் போதும். ஆகவே சமைத்த கோழியை விட, சமைக்கும் முன் அது தொட்ட இடங்கள்தான் சிக்கல். குழாய்க்கு அடியில் நீட்டிக் கழுவும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் பக்கத்தில் கவிழ்த்திருக்கும் தட்டு வரை தெறிக்கும். கழுவாமல் சமைக்கலாம் என்பதே சரியான அறிவுரை. அதற்கு மனம் ஒப்பாதவர்கள் ஒரு பாத்திரத் தண்ணீரில் மூழ்க வைத்து மெதுவாக அலசி, தண்ணீரைச் சாய்த்து ஊற்றி, பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். மஞ்சள்தூள் வாடையைக் குறைக்கும். அலசும் தண்ணீரில் போடும் ஒரு சிட்டிகையால் கிருமி ஒழியாது. வெங்காயம், தக்காளி, மல்லித்தழையை முதலில் நறுக்கி ஒதுக்கிவிட்டு, கோழியைக் கடைசியில் தொடுங்கள். கோழி வெட்டிய கத்தியால் தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குவதில்தான் ஒரு குடும்பமே படுத்துவிடுகிறது.

ஷவர்மாவின் கோளாறு, உள்ளே வேகாததுதான். கம்பியில் குத்திய இறைச்சியின் வெளிப்பக்கம் மட்டுமே தீயைப் பார்க்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் தீயைக் குறைத்துவிடுகிறார்கள், உள்ளே வெதுவெதுப்பு மட்டும் நிற்கிறது. கூட்டம் வந்ததும் வேகமாகச் சீவும்போது கத்தி வேகாத அடுக்கைத் தொட்டுவிடுகிறது. சீவியதை மறுபடி தோசைக்கல்லில் போட்டுப் புரட்டினால் இந்த ஓட்டை அடைபடும். உங்கள் கண்ணெதிரே அப்படிச் செய்யும் கடையாகப் பாருங்கள். கேரளத்தின் செறுவத்தூரில் 2022 மே மாதம் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் இறந்தார். பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா என்ற குடல் கிருமி கண்டறியப்பட்டது. நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். ஷிகெல்லா சில பத்து உயிரணுக்கள் உள்ளே போனாலே நோய் தரும் என்பதால், கழிப்பறைக்குப் போய்வந்து சோப்புப் போடாத ஒரே ஒரு கை போதும்.

பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸ் இன்னொரு வழி. எண்ணெயும் கொஞ்சம் வினிகரும் சேர்ந்து முட்டையை வேகவைத்துவிடுவதில்லை. வெயிலில் நிற்கும் டப்பாவில் சால்மோனெல்லா வளர அது போதுமான இடம். தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. தெலங்கானா 2024 இறுதியிலேயே செய்திருந்தது. ஆஃப் பாயிலும் கலக்கியும் அரைவேக்காடுதான். திடமான உடம்புக்காரர் தன் பொறுப்பில் சாப்பிடலாம். கர்ப்பிணி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, முதியவர், கீமோ எடுப்பவர் ஆகியோருக்கு மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவைத்தே கொடுங்கள். விரிசல் விட்ட முட்டையை வாங்காதீர்கள்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் நம்மில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் குடியிருப்பது. விரலில் சீழ்க் கொப்புளம் உள்ளவர் பாலேடு, கோவா, பன்னீர் இனிப்பு, பிசைந்த சாதம் எதைத் தொட்டாலும் இடம் மாறிவிடும். இதன் நச்சும் கொதியில் அழியாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. புண் உள்ள விரலில் கட்டுப் போட்டு, அதன் மேல் கையுறை மாட்டினால்தான் சமையல் பக்கம் வரலாம்.

மீனில் சூடு தோற்கும் இடம் சூரை, அயிலை, மத்தி. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற புரதக்கூறு அதிகம். பிடித்ததிலிருந்து பனிக்கட்டி படாமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியா அதை, ஒவ்வாமை போலத் தொல்லை தரும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். வறுத்தாலும் குழம்பு வைத்தாலும், டப்பாவில் அடைத்துக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்து அரிக்கும். பலர் "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று காலம் பூராவும் ஒதுக்கிவிடுகிறார்கள்; ஒத்துக்கொள்ளாதது அன்றைக்குப் பனிக்கட்டியில் வைக்காத மீனாகவும் இருக்கலாம். சந்தையில் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடப்பதை வாங்குங்கள், மேலே அலங்காரமாக அடுக்கியதை வேண்டாம். வீட்டுக்கு அரை மணிக்கு மேல் தூரம் என்றால் பையில் பனிக்கட்டி போடச் சொல்லுங்கள்.

வெட்டி வைத்த தர்பூசணியும் முலாம்பழமும் இனிப்பாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அவற்றில் புளிப்பு கிடையாது. தோலில் இருப்பது கத்தியோடு உள்ளே போய் நன்றாக வளரும். முழுப்பழத்தைத் தோலோடு கழுவி வீட்டில் நறுக்குங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது, பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் சேனையும் இதில் அடக்கம். தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் பெரியவர் குடலில் முளைக்காது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும்.

குளிர்பெட்டியைப் பற்றி: உள்ளே 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் அடைத்தால் குளிர் ஓடாது. மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். நான்கு மணி நேரம் தாங்கும். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, உறையவைப்பதும் அப்படித்தான். பச்சை இறைச்சி எப்போதும் அடித்தட்டில், மூடிய பாத்திரத்தில்.

இப்போது உங்கள் வீட்டில் வாந்தி எடுத்த இருவருக்கும். வாந்தி வந்து பத்து நிமிடம் பொறுத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் திரும்ப வந்துவிடும். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் கரைக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு லிட்டர். பொட்டலம் இல்லாத இரவில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குச் சர்க்கரை தட்டையாக ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு கூடக்கூடாது. சோடா, குளிர்பானம் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. வயிற்றுப்போக்கை அடக்கும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் பெரியவர்களும் எடுக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக்கைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், உணவில் வந்த நச்சுக்கு அது மருந்தே இல்லை.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, அழும் குழந்தைக்குக் கண்ணீர் வரவில்லை, குடித்தது எதுவும் தங்கவில்லை, மலத்தில் ரத்தம், 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கண் மஞ்சளாவது, பேச்சுக் குழறுவது, இமை தானாகச் சரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணியானால் இவை வருவதற்கு முன்பே போய்விடுங்கள். மருத்துவரிடம் கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் சொல்லாமல், கடந்த மூன்று நாளில் சாப்பிட்டதை மணிக்கணக்கோடு சொல்லுங்கள். சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் உணவிலேயே இருந்த நச்சு. ஆறிலிருந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிடுங்கும் வலியோடு பேதி, காய்ச்சல் இல்லை என்றால் கறிக்குழம்பு அண்டா. காய்ச்சலோடு ஓரிரு நாள் கழித்து என்றால் முட்டையும் கோழியும் என்று அவர் தேடத் தொடங்குவார். அந்தச் சாதம் ஒரு பிடி மீந்திருந்தால் கொட்டிவிடாதீர்கள். மூடி, தேதி எழுதி, யாரும் எடுத்துச் சாப்பிடாதபடி குளிர்பெட்டியில் வையுங்கள். கடையில் வாங்கியதைச் சாப்பிட்டுப் பலர் படுத்திருந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்கு உடனே தெரிவியுங்கள். மீந்திருக்கும் உணவை அவர்களிடம் காட்டுங்கள்.